மாமி வீட்டுக்கு ஒரு கம்பி

வட்டக்கச்சியிலுள்ள எங்கள் வளவு அகலத்திற் குறைந்தது, நீளத்தில் மிகுந்தது. வாய்க்கால் வீதியை நோக்கி அளந்து கொடுக்கப்பட்ட குடியேற்றக் காணிகள் பல அத்தகையனவே. வீதியோரத்தில் நாங்கள் வசிக்கும் வீடு. அதன் பின்னே கிணறும் வாழைகளும். அவற்றுக்கும் அப்பால், ஒரு மாமரத்தின் நிழலில், என் மாமி தனித்து வாழும் சிறிய வீடு.

2013ஆம் ஆண்டு இந்திய வீட்டுத் திட்டத்தின்கீழ் மாமியின் பெயருக்குக் கிடைத்த வீடு அது. போர் முடிந்து மீளக் குடியமர்ந்தபோது முதலில் தறப்பாளின்கீழ் இருந்தோம். பின்பு தகரக் கொட்டில். அதன் பின்பே சீமெந்துக் கல்லாற் கட்டிய அவ்வீடு. சில ஆண்டுகள் கழித்து முன்வீட்டை நாங்கள் கட்டி முடித்து, "எங்களோடு வந்து இருங்கள்" என்று எத்தனையோ முறை வேண்டினோம். மாமி அசையவில்லை.

"எத்தனை இடத்துக்கு ஓடினம்! கடைசியா என்ரை பேரிலை ஒரு வீடு இருக்கு. அதைப் பூட்டிப்போட்டு நான் ஏன் வர?" என்பார். இதற்கு மறுமொழி கூற யாரால் இயலும்?

மாமிக்குப் புதல்வர் இருவர். மூத்தவர் என் கணவர். இளையவர் கனடாவில், ரொறன்ரோ நகரில் இருக்கிறார். அங்கே குளிர்காலத்துக் காலை ஒன்பது மணி, இங்கே இரவு ஏழரை மணி. வேலை தொடங்குமுன் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் தாயாரை வட்ஸ்அப்பில் அழைப்பார். தாயும் மகனும் முகம் பார்த்துப் பேசுவது அப்பொழுதுதான். ஆனால் எங்கள் வீட்டு வைஃபை அலை கிணற்றடியோடு நின்றுவிடும். மாமியின் வீட்டுக்குள் அது எட்டாது. ஆகையால் எழுபத்தொன்பது வயதான மாமி, ஒரு கையில் ரோச் லைற்றும் மறு கையில் போனுமாக, இரவுதோறும் வாழைகளைக் கடந்து, கிணற்றடியைச் சுற்றி, எங்கள் விறாந்தைக்கு வந்து அமர்ந்திருப்பார். சில நாள் மகன் அழைப்பார். சில நாள் அவருக்கு நேரமிராது. மாமி எட்டரை வரை இருந்துவிட்டு, "வேலைபோலை" என்று சொல்லித் திரும்பி நடப்பார்.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் இரவு, துவைக்கிற கல்லின் அருகே கால் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு எலும்பு வெடித்துவிட்டது. கையைத் தூக்கிக் கட்டி ஆறு வாரம் இருக்கச் சொன்னார்கள். வைத்தியசாலையிலிருந்து திரும்பும்போது மாமி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவன் அந்த நேரம் எடுத்தவனோ, பிள்ளை?"

அவ்வினா என்னைச் சுட்டது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். ஒளி, ஒலி, மின்காந்த அலை என்று கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதுகிறேன். என் வீட்டு அலையை நாற்பது மீற்றர் தூரம் கொண்டுசேர்க்க இத்தனை நாளாக ஒரு முயற்சியும் செய்யாமல், வயதான ஒருவரை இருளில் நடக்க விட்டிருந்தேன்.

மகனுடைய குரலுக்காக மாமி நடந்த நடை இது முதலாவதன்று. தொண்ணூறுகளில் வன்னிக்குள் தொலைபேசி இல்லை. மகனின் சேதி செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதத்தாளில், சில வரிகளாக, மாதங்கள் கழித்து வரும். ஒருமுறை அனுமதிகள் பெற்று வவுனியாவுக்குப் போய், ஒரு கொமினிக்கேஷன் கடை வாங்கிலில் பகல் முழுவதும் காத்திருந்து, மூன்று நிமிடம் பேசிவிட்டு வந்ததை மாமி இன்றும் கூறுவார். அம்மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் இருவரும் அழுதார்களாம். "காசு அழுததுக்குத்தான் போனது" என்று சிரிப்பார்.

என் கணவர் உடனடியாக ஒரு வழி கண்டார். "பெட்டியை ஏன் முன்னறை யன்னலில் வைத்திருக்கிறோம்? குசினிக்குக் கொண்டுபோனால் அலை பின்னாலும் போகுமே" என்றார். சொன்னதோடு நில்லாமல் கழற்றிக்கொண்டுபோய்க் குசினி மேசையில் வைத்தார். மாமியின் வீட்டு வாசலில் ஒரு கோடு அலை தெரிந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு படமும் திறக்கவில்லை, முன்னறையிலும் திறக்கவில்லை.

காரணம் எளிது, எங்களுக்குத்தான் முதலில் விளங்கவில்லை. எங்களுடைய ரவுட்டர் 4ஜி வகையைச் சேர்ந்தது. தெருவிற் கம்பி வழியாக அதற்கு இணையம் வருவதில்லை. தூரத்திலுள்ள கோபுரத்திலிருந்து வரும் அலையை அது முதலில் வாங்குகிறது. வாங்கியதைப் பின்பு வேறோர் அலையாக வீட்டுக்குள் விடுகிறது. ஆக அதற்குக் காதும் உண்டு, வாயும் உண்டு. கோபுரத்தின் அலை நன்றாகக் கிடைக்கும் இடம் வீதிப்பக்க யன்னல். குசினிக்குள் கொண்டுபோனபோது வாய் மாமியின் வீட்டை நெருங்கியது. காது கேளாமற் போயிற்று. பெட்டி மறுநாள் யன்னலுக்கே திரும்பியது.

வாய்க்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் என்னும் இரு அலைவரிசைத் தொகுதிகளில் இயங்குகிறது. ஐந்து வேகம் மிக்கது. ஆனால் சுவரைக் கண்டால் விரைவில் தளர்ந்துவிடும். இரண்டரைக்குச் சற்றுக் குறைந்தது மெதுவானது. ஆயினும் அதிக தூரம் போகும். எங்கள் வீட்டிலோ முன்னறைச் சுவர், நடு அறைச் சுவர், குசினிச் சுவர், பின் மாமி வீட்டுச் சுவர் என நான்கு சீமெந்துச் சுவர்கள். போதாக்குறைக்கு நீர் நிறைந்த வாழைகள். நீருக்கும் இவ்வலைக்கும் ஆகாது. எந்த அலைதான் தாங்கும்?

கிளிநொச்சி நகரிலுள்ள ஒரு கடைக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த இளைஞர், சுவர்ச் செருகியில் நேரே கொழுவக்கூடிய சிறிய ரிப்பீற்றர் ஒன்றை எடுத்துக் காட்டினார். முன்பெட்டியின் அலையைக் கேட்டு, அதனையே மீண்டும் கூவும் கருவி அது. பிழையான பொருளன்று. ஆனால் அவரே நேர்மையாக இரு குறைகளைச் சொன்னார். அலை ஓரளவேனும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் அதனை வைத்தாலன்றி அதனாற் பயனில்லை. எங்களுக்கு அவ்விடம் கிணற்றடி, அங்கே மின்சாரம் இல்லை. மேலும் ஒரே அலையிற் கேட்கவும் கூவவும் வேண்டியிருப்பதால் அத்தகைய மலிவான கருவிகளில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். "வீட்டில் பழைய ரவுட்டர் ஏதும் சும்மா கிடக்கிறதா, ரீச்சர்? கிடந்தால் கேபிள் இழுத்து அதையே அக்சஸ் பொயின்ராக வையுங்கள். இதை வாங்கத் தேவையில்லை" என்றார். தன் பொருளை விற்காமல் வழி சொன்ன வியாபாரி! அவரிடமே பின்பு நாற்பத்தைந்து மீற்றர் கேபிள் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தது. வெள்ளவத்தையிலிருந்த என் பெறாமகன் வெளிநாடு போகும்போது, "பெரியம்மா, இதையெல்லாம் எறியாதீங்கோ" என்று ஒரு கடுதாசிப் பெட்டி நிறையச் சாமான் தந்துவிட்டுப் போனான். இரண்டு சார்ஜர், உடைந்த ஹெட்செற், ஓர் இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றின் அடியில் அது இருந்தது. கறுப்பு நிறம், இரண்டு கொம்பு, முதுகில் நீல நிறத்தில் ஒரு துளை, மஞ்சள் நிறத்தில் நான்கு துளை. செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது.

என் மகள் உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவு. "நான் பார்த்துச் செய்யிறன், அம்மா" என்று ஒரு சிறு கேபிளால் இரண்டு பெட்டிகளையும் முன்னறை மேசையில் வைத்து இணைத்தாள். முன்பெட்டியிலிருந்து வந்த கேபிளைப் பழைய பெட்டியின் நீலத் துளையிற் செருகினாள். நிறம் தனியாக இருப்பதால் அதுவே வாசல் என்று நினைத்தாள். நானும் அப்படியே நினைத்திருப்பேன். அலை வந்தது, இணையம் வரவில்லை. பின்பு கேபிளை மஞ்சள் துளை ஒன்றுக்கு மாற்றினாள். உடனே எல்லாம் வேலை செய்தது. வெற்றி என்று எண்ணி அன்றிரவு அப்படியே விட்டோம்.

மறுநாள் மாலை ஏழு மணி. யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர் சூம் மூலம் நடத்தும் இணைந்த கணித வகுப்பு. பரீட்சைக்கு முன் அந்த அலகுக்கு அதுவே கடைசி வகுப்பு. மகளின் மடிக்கணினி ஐந்து நிமிடம் பேசும், பின் ஊமையாகும். மீண்டும் பேசும், மீண்டும் ஊமையாகும். என் போனில் எல்லாம் சரி. கணவரின் போனில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நேர்மாறு. வகுப்பு முடிந்தபோது மகள் கொப்பியை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். முன்பு மாமி மட்டுமே இணையமின்றி இருந்தார். நாங்கள் திருத்தப் போய் முழு வீட்டையும் கெடுத்துவிட்டோம்.

இதன் காரணத்தை அறிய இரண்டு இரவுகள் சென்றன. இங்கே சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். இதனை அறியாமற் பழைய பெட்டிகளைத் தூக்கி எறிந்தவர் பலர்.

ரவுட்டர் என்று நாம் அழைக்கும் பெட்டிக்குள் உண்மையிற் பல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அலையை விடுபவர் ஒருவர். கேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பவர் ஒருவர். வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே வாயிற்காவலராக நிற்பவர் ஒருவர்; அந்த வாயில்தான் நீலத் துளை. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் "உனக்கு இந்த இலக்கம்" என்று விலாசம் எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர். இந்த விலாச உத்தியோகத்தரை டி.எச்.சி.பி. என்கிறார்கள். விலாசத்தோடு, "வெளியே போவதானால் இன்ன இலக்கத்திலுள்ள வாயிலால் போ" என்றும் அவர் வழி சொல்லிவிடுவார்.

எங்கள் முன்பெட்டியின் விலாசம் 192.168.1.1. பழைய பெட்டியின் விலாசமும், தொழிற்சாலையில் இட்டபடி, 192.168.1.1. நீலத் துளையிற் செருகியபோது வாயிலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே இலக்கத் தெரு. எதை எங்கே அனுப்புவதென்று பெட்டிக்குத் தெரியவில்லை. மஞ்சள் துளையிற் செருகியபோது வேறு தொல்லை: ஒரே வீட்டில், ஒரே இலக்கத்தோடு இரண்டு தலைவர்கள், இருவரும் விலாசம் எழுதிக் கொடுக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கே வெளியே செல்லும் வழி தெரியும்.

வன்னியில் வாழ்வோருக்கு இதனை விளக்குவது கடினமன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரங்களோடு இங்கே எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன! ஒரே காணித் துண்டுக்கு இருவர் கையிற் பத்திரம் இருந்தால் என்ன நிகழும் என்பதை நாம் அறிவோம். இருவர் கூற்றும் மெய்; வேலி மட்டும் நில்லாது. என் மகளின் கணினிக்கும் கணவரின் போனுக்கும் நேர்ந்தது அதுவே.

ஆகவே பழைய பெட்டி தன் பதவிகளைத் துறக்கவேண்டும். அலை விடும் தொழிலையும் கேபிள் இணைக்கும் தொழிலையும் மட்டும் வைத்துக்கொண்டு, விலாசம் கொடுப்பதையும் வாயில் காப்பதையும் முன்பெட்டிக்கே விட்டுவிடவேண்டும். அக்சஸ் பொயின்ற் என்பது புதிய கருவியன்று. தலைமையை விட்டுக் கொடுத்த ரவுட்டர்தான். "அப்ப எங்கடை அப்பா ஓய்வெடுத்தாற்போலை" என்றாள் மகள். கணவர் அதை ரசிக்கவில்லை.

செய்த முறை இது. முதலிற் பழைய பெட்டியைத் தனியே வைத்தோம், முன்பெட்டியோடு தொடுக்கவில்லை. அதன் முதுகில் ஊசித்துளை போன்ற ஒரு குழியில் மறைந்திருக்கும் பொத்தானைச் சேலைக்குக் குத்தும் ஊக்கின் முனையாற் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தோம். விளக்குகள் எல்லாம் அணைந்து மீண்டும் எரிந்தன. பெறாமகன் இட்ட மறைசொல் முதலிய பழைய நினைவெல்லாம் அதற்கு அழிந்தது. மடிக்கணினியைச் சிறு கேபிளால் மஞ்சள் துளை ஒன்றிற் கொழுவி, இணையத் தளங்களுக்குப் போகும் அதே பக்கத்தின் மேற்பகுதியில் 192.168.1.1 என்று எழுதினோம். பெயரும் மறைசொல்லும் கேட்டது. அவை பெட்டியின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் இருந்தன. உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த மறைசொல்லை மாற்றினோம். பழைய பெட்டிகளின் ஆரம்ப மறைசொற்கள் ஊரறிந்தவை.

அடுத்து வைஃபையின் பெயர். முன்பெட்டிக்கு உள்ள பெயரையும் மறைசொல்லையும் எழுத்துப் பிசகாமல் இதற்கும் இட்டோம். மறைசொற் பாதுகாப்பின் வகையும் ஒன்றே. அப்படிச் செய்தால் போனுக்கு இரண்டும் ஒரே வீடு. மாமி ஒன்றையும் தொடவேண்டியதில்லை. ஆனால் அலை செல்லும் தடம் வேறாக இருக்கவேண்டும். இல்லையேல் இரு பெட்டிகளும் ஒரே தடத்திற் காத்துக் காத்துப் பேச நேரும். 2.4 கிகாஹேட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. முன்பெட்டி 1இல் இருந்தது. இதற்கு 11ஐக் கொடுத்தோம்.

பின்பு பழைய பெட்டியின் சொந்த விலாசத்தை 192.168.1.2 என மாற்றினோம். முன்பெட்டி தன் விருந்தினருக்கு 100ஆம் இலக்கத்திலிருந்தே விலாசம் கொடுத்துவந்தது. ஆகையால் 2 என்பது யாருக்கும் போகாத இலக்கம். பெட்டி அணைந்து எரிந்தது. புதிய விலாசத்தால் மீண்டும் உள்ளே போய், டி.எச்.சி.பி. என்ற இடத்தில் இருந்த அடையாளத்தை மகள் நீக்கினாள். இவ்வளவே. முன்பெட்டியின் மஞ்சள் துளையிலிருந்து பழைய பெட்டியின் மஞ்சள் துளைக்குக் கேபிள் கொழுவினோம். நீலத் துளையை யாரும் தொடக்கூடாதென்று ஒரு துண்டு ஒட்டுநாடாவால் மூடினோம். அன்று மாலை வகுப்பு ஒரு சொல்லும் விடாமல் நடந்தது. விடுபட்ட வகுப்பின் குறிப்புகளை ஒரு தோழி படமெடுத்து அனுப்பியிருந்தாள். அவற்றை மகள் அன்றிரவே எழுதி முடித்தாள்.

மேசையில் வென்றதை மண்ணில் வெல்லவேண்டியிருந்தது. எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடி, ஓர் உறைக்குள். இந்த முறுக்குத்தான் வெளி இரைச்சலைத் தடுக்கிறது. இவ்வகைக் கேபிள் நூறு மீற்றர் வரையிற் குறைவின்றிக் கொண்டுபோகும். எங்களுக்கு அதில் அரைவாசியும் தேவைப்படவில்லை. ஆனால் சித்திரை மாதத்து வட்டக்கச்சி மண்! கணவரும் பக்கத்து வளவுத் தம்பியும் அலவாங்கு கொண்டு இரண்டு நாள் கிண்டினார்கள். ஒரு முழ ஆழத்தில் பி.வி.சி. குழாய் பதித்து அதற்குள் கேபிளை விட்டோம். மின்சாரக் கம்பி போகும் பக்கத்தைத் தவிர்த்து, வேலியோரமாகக் கொண்டுபோனோம். மூன்றாம் கதியாலருகே துருப்பிடித்த ஒரு தகரம் அலவாங்கில் தட்டுப்பட்டது. இருவரும் கையை எடுத்துவிட்டு நின்றார்கள். இந்த மண்ணைக் கிண்டுபவர் எவரும் அப்படி நிற்பர். அது பழைய பால்மாப் பேணி. அதன்பின்பு வேலை மெல்லவே நடந்தது.

மாமி கட்டிய கையோடு வாசலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கடை மாமாவும் இப்பிடித்தான் வயர் இழுக்கிறவர்" என்றார். மின்கலங்களை வன்னிக்குள் கொண்டுவரத் தடையிருந்த காலத்தில், மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மகனைப் பெடல் சுற்றச் சொல்லி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியிற் செய்தி கேட்பாராம். பெடல் சுற்றியவர்தான் இன்று ரொறன்ரோவில் இருப்பவர். "சுத்திறதை நிப்பாட்டினால் செய்தியும் நிண்டிடும். அவனுக்குக் கை நோகும், ஆனால் நிப்பாட்டமாட்டான்."

இந்த வேலையில் இறங்கியபின் இதன் வரலாற்றைச் சற்றுத் தேடிப் படித்தேன். கம்பியில்லாமற் கணினிகள் பேசிக்கொள்வது தீவுகளிலேதான் தொடங்கியது: 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் நோர்மன் ஏப்ரம்சனும் அவர்தம் குழுவினரும் தீவுகளுக்கிடையே வானொலி அலையாற் கணினிகளை இணைத்தனர். இன்றைய வைஃபைக்குரிய முதல் நியமம் 1997இல் வெளிவந்தது. வைஃபை என்னும் பெயர் 1999இல் வந்தது. ஆனால் என்னைக் கவர்ந்தவை இவையல்ல. இந்தியாவின் தர்மசாலாவில், திபெத்திய அகதிகள் வாழும் மலைச்சரிவுகளில், 2005இல் சாதாரண வீட்டு ரவுட்டர்களையே மாற்றியமைத்துக் குன்றுகளின்மீது நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றுக்காக இணையத்தைக் கடத்தினார்கள். குரங்குகளின் தொல்லையையும் தாங்கினார்கள். நமது அயலிலும் ஓர் உதாரணம் உண்டு. அநுராதபுர மாவட்டத்தில், வில்பத்துக் காட்டின் ஓரத்திலுள்ள மகாவிலச்சிய என்னும் விவசாயக் கிராமத்தில், நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்விப்பணி வளர்ந்து, 2006ஆம் ஆண்டளவில் வீடுகளைக் கம்பியில்லா வலையால் இணைத்தது. பெயரிலேயே வன்னியை வைத்திருக்கும் அந்த ஆசிரியரை எண்ணியபோது, நாற்பது மீற்றருக்கு நான் பட்ட பாடு எனக்கே நகைப்பைத் தந்தது.

பழைய பெட்டியை மாமியின் அறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்துத் தட்டில், கொம்புகளை நிமிர்த்தி வைத்தோம். மாமி தன் கட்டிலில் இருந்தபடியே போனைத் திறந்தார். அலை முழுக்கோடும் காட்டியது. இதனால் இணையத்தின் வேகம் கூடிவிட்டதென்று யாரும் எண்ணவேண்டாம். இரணைமடுவில் உள்ள தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுதான் வாய்க்காலில் வரும். வாய்க்காலை நீட்டினாற் கடைக்கோடி வயலும் நனையும், அவ்வளவே. கோபுரத்தில் நெரிசல் மிகுந்த இரவுகளில் முன்வீட்டில் தடுமாறும் படம் பின்வீட்டிலும் தடுமாறத்தான் செய்கிறது.

ஏழு மணிக்கு நான் தேநீர் கொண்டுபோயிருந்தேன். கோடை வந்து கனடாவிற் கடிகாரத்தை மாற்றியிருந்ததால் அழைப்பு ஆறரைக்கே வந்து, பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகனின் முகம் உடையாமல் நின்றது. மாமி அதிகம் பேசவில்லை. கட்டிய கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "சாப்பிட்டியோ? குளிர் குறைஞ்சுதோ?" என்றார். அவருடைய கை முறிந்த செய்தி மகனுக்கு அதுவரை தெரியாது என்பதை நான் அப்பொழுதுதான் அறிந்தேன். பின்னால் நின்ற என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலக் கண்ணாற் காட்டினார். நான் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவரே சொன்னார்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் விடக்கூடாது. இரண்டு கட்டடங்களுக்கிடையே செப்புக் கம்பி ஓடினால் இடிமின்னல் அவ்வழியே வந்து இரண்டு பக்கக் கருவிகளையும் கருக்கிவிடக் கூடும். நிலத்தின் கீழே பதித்தாலும் அந்த அபாயம் முற்றாக நீங்காது. ஒளியிழைக் கேபிள் ஆயின் இந்தப் பயமில்லை. எங்களுக்கு அது அப்போது கட்டுப்படியாகவில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் வன்னியில் பின்னேர இடி எப்படி இடிக்கும் என்பதை வாசகர் அறிவர். ஆகவே வானம் கறுத்ததும் முன்வீட்டில் ஒருவர், பின்வீட்டில் ஒருவர், மின் செருகியையும் கேபிளையும் கழற்றிவிடவேண்டும் என்று விதித்தோம்.

2024 ஐப்பசியில் முதல் இடி இடித்தபோது, நான் முன்னறைக்கு ஓடுமுன்பே கிணற்றுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "பிள்ளை, நான் கழட்டிப்போட்டன்! நீ கழட்டினனியோ?"

மறுநாட் காலை அவரே மீண்டும் செருகினார், இணையம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஒட்டுநாடா மழையீரத்தில் உரிந்திருந்தது. கேபிள் நீலத் துளையில் இருந்தது. சரியான துளையிற் செருகிக் காட்டினேன். "இரு" என்று உள்ளே போனவர் குங்குமச் சிமிழோடு வந்து, விரல் நுனியால் அந்த மஞ்சள் துளையின் மேலே ஒரு பொட்டு வைத்தார்.